தடைக்காலத்தில் தூத்துக்குடியில் நல்ல மீன் சாப்பாடு கிடைக்குமா?

கேள்வி: மே மாத இறுதியில் பெற்றோருடன் தூத்துக்குடிக்குச் செல்லவிருக்கிறோம். மீன்பிடித் தடைக்காலத்தில் அங்குள்ள உணவகங்களில் புதிய மீன் கிடைக்குமா?

பதில் 1: கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை என்றாலும், நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லாததால் கரையோர மீன்கள் குறைந்த அளவிலாவது வந்துகொண்டிருக்கும். ஆகவே சீலா மீன்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், இன்று எது கரைக்கு வந்தது என்று கேளுங்கள். சாளை எனப்படும் மத்தி மீனாக இருந்தாலும் அதுவே அன்றைய நல்ல மீன்.

பதில் 2: பொரிப்பதற்கு முன் மீனைக் காட்டச் சொல்லுங்கள். செவுள் சிவந்தும், கண் குழிவிழாமல் தெளிவாகவும் இருக்க வேண்டும். விலையையும் முன்பே கேட்டுவிடுங்கள். ஓர் உணவகத்தில் நண்டுக்கு எடைக்கணக்கு என்பது பில் வந்த பிறகே எங்களுக்குத் தெரிந்தது.

கேள்வி கேட்டவர்: மிக்க நன்றி. அப்பாவுக்குச் சாளைக் குழம்பு என்றால் உயிர்.