புதுப்பிப்பு: மலேசியாவின் சுபாங் விமான நிலையத்தில் இறங்குவது பயணிகள் போயிங் 737ஆ, விஐபி 737ஆ?

"முதுகில் புடைப்பு இருந்தால் விஐபி விமானம்" என்று முன்பு எழுதியிருந்தேன். தவறு. வைஃபை பொருத்திய சாதாரண பயணிகள் விமானத்துக்கும் அதே புடைப்பு உண்டு. திருத்தியவர்களுக்கு நன்றி.

இறக்கைக்கு மேலுள்ள அவசரக் கதவுகளை எண்ணுங்கள். பக்கத்துக்கு ஒன்று என்றால் 737-700 உடல், இரண்டு என்றால் 800. போயிங்கின் முதல் பிபிஜே (737இன் விஐபி வடிவம்), 700 உடலோடு 800 இறக்கையும் சக்கரத் தொகுதியும் சேர்ந்தது. ஆனால் 700, 800 இரண்டுக்கும் இறக்கை அகலம் ஒன்றே, அதனால் இறக்கை உதவாது. பிபிஜேயின் கூடுதல் எரிபொருள் தொட்டிகளும் சரக்கு அறைக்குள் இருக்கும், வெளியே தெரியாது.

கதவு மட்டும் போதாது, 737-700 ஓட்டும் விமான நிறுவனங்களும் உண்டே. பதிவெண்தான் முடிவு சொல்லும்: விமானப்படை எண் இருந்தால் பயணிகள் நிறுவனத்துடையது அல்ல. நம் மலேசிய விமானப்படையின் பிபிஜே எம்53-01: 53 விமான ரகத்தின் எண், 01 அந்த ரகத்தில் வரிசை எண். இந்திய விமானப்படையின் பிபிஜேக்கள் கே5012 முதல் கே5014 வரை.

இதிலும் ஒரு பொறி: அரசாங்க விஐபி ஏர்பஸ் 9எம்-என்ஏபி, பயணிகள் விமானங்களைப் போல சிவில் பதிவில் பறக்கிறது! புகைமூட்ட நாளில் எழுத்தே தெரியாது, அப்போது கதவு எண்ணிக்கைதான் ஓரளவாவது கைகொடுக்கும்.