ஜெர்மானியக் கல்வித் தகுதி ஒன்றைத் தமிழில் எழுத உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். ஜெர்மனியில் பணியாற்றும் ஆய்வாளர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பைக் கருத்தரங்க மலருக்காக மொழிபெயர்த்து வருகிறேன்; அவருடைய ‘பிரிவாட்டோட்சென்ட்’ என்னும் தகுதிக்கு ஏற்ற சொல் கிடைக்காமல் பணி நின்றுபோயிருக்கிறது. முனைவர் பட்டத்துக்குப் பிறகு ‘ஹபிலிடாட்சியோன்’ எனப்படும் உயர்நிலை ஆய்வுத் தகுதியையும் அடைந்து, பல்கலைக்கழகத்தில் தாமே பாடம் நடத்தும் உரிமை பெற்றவரை அச்சொல் குறிக்கிறது; ஆயினும் அத்தகுதியுடன் ஊதியப் பதவி எதுவும் தானாக வந்துவிடுவதில்லை.

‘விரிவுரையாளர்’ என்று எழுதினால் அத்தனை ஆண்டு உழைப்பும் மறைந்துவிடுகிறது. ‘பேராசிரியர்’ என்பதோ பிழையாகிவிடும். கல்லூரியில் கற்பிப்பவர் எவரையும் நாம் அப்படி அழைப்பதுபோல் அங்கு அழைப்பதில்லை, உரிமையின்றி அப்பட்டத்தைச் சூட்டிக்கொள்வது அந்நாட்டுக் குற்றவியல் சட்டப்படி தண்டனைக்குரியதும்கூட. முனைவர் பட்டத்தைக் கடவுச்சீட்டிலேயே பதிந்துகொள்ள இடமளிக்கும் நாடு அது என்பதால், இதில் கவனக்குறைவாக இருக்க எனக்கு மனம் வரவில்லை.

‘கற்பித்தல் உரிமை பெற்ற முனைவர்’ என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா, அல்லது ஒலிபெயர்த்து அடிக்குறிப்பு தருவதே முறையா? மலரை இலங்கை வாசகர்களும் படிப்பார்கள். ‘முனைவர்’ என்பதோடு அவர்கள் வழங்கும் ‘கலாநிதி’ என்பதையும் சேர்த்து எழுதலாமா என்பதையும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.