தோல்வியிலிருந்து பாடம் கற்பது என்றால் உண்மையில் எதைச் செய்வது?

திண்டிவனம் தேர்வர்:
குரூப் 4 தேர்வை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் கட்-ஆஃபுக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டேன். தோல்வியிலிருந்து பாடம் கற்றுக்கொள் என்று வீட்டிலும் பயிற்சி மையத்திலும் சொல்கிறார்கள். எப்படிக் கற்பது என்று ஒருவரும் சொல்வதில்லை. முதல் முறை தவறியபின் படிக்கும் நேரத்தைக் கூட்டியும் மதிப்பெண் ஏறவில்லை. வேறு என்ன செய்யலாம்?

விண்கல ஆர்வலர்:
நேரத்தைக் கூட்டியதைச் சொன்னீர்கள். எங்கே தவறினீர்கள் என்பதை எழுதவில்லையே. 2019 செப்டம்பர் 7 அன்று, சந்திரயான்-2இன் விக்ரம் கலம் நிலவுக்கு 2.1 கி.மீ. உயரம் வரை திட்டப்படி இறங்கியது, அதன்பின் தொடர்பு அறுந்தது. இஸ்ரோ பின்னர் விளக்கியபடி, ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக உந்தியதால் பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. அவற்றைத் திருத்தக் கலம் வேகமாகத் திரும்ப வேண்டிய நேரத்தில், மென்பொருளில் வைத்திருந்த வரம்பு அதைத் தடுத்தது. இறங்குமிடமோ 500 மீட்டர் சதுரம்தான். சந்திரயான்-3இல் இறங்குமிடத்தை ஏறத்தாழ 4 கி.மீ. நீளம், 2.5 கி.மீ. அகலம் என விரித்தார்கள். நடு எஞ்சினை எடுத்துவிட்டுக் கால்களை வலுப்படுத்தி, எரிபொருளையும் கூட்டினார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று கலம் பத்திரமாக இறங்கியது. (திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் உங்கள் விழுப்புரத்துக்காரர்தான்.) 'இன்னும் கடுமையாக உழைப்போம்' என்று மட்டும் முடிவெடுத்திருந்தால், அதே கலத்தை அதே குறைகளோடு மறுபடி அனுப்பியிருப்பார்கள்.

மறுப்பவன்:
உவமை அழகாக இருக்கிறது, ஆனால் முழுதாகப் பொருந்தவில்லை. விக்ரம் கடைசி நொடிகள் வரை தரவு அனுப்பியது. தேர்வர் கையில் என்ன இருக்கிறது? மேலும், சில ஆயிரம் பணியிடங்களுக்குப் பல லட்சம் பேர் எழுதும் தேர்வில், காலியிடம் குறைந்தாலே கட்-ஆஃப் ஏறிவிடும். அதையும் தம் தவறாக அவர் சுமக்க வேண்டியதில்லை.

பழைய தேர்வர்:
காலியிடத்தைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் தரவு இல்லை என்பதை ஏற்க மாட்டேன். வினாத்தொகுப்பு கையில் இருக்கிறது, தேர்வாணையமே உத்தேச விடைகளை வெளியிடுகிறது. தவறிய ஒவ்வொரு வினாவின் ஓரத்திலும் தெரியாதது, தெரிந்தும் மாற்றிக் குறித்தது, நேரமின்றி ஊகித்தது என மூன்றில் ஒன்றை எழுதிப் பாருங்கள். நான் அப்படி எழுதியபோது, எனக்கு நன்றாக வரும் கணக்குப் பகுதியின் 25 வினாக்களில் 11இன் ஓரத்தில் 'ஊகம்' என்றே இருந்தது. கணக்கை எப்போதும் கடைசி இருபது நிமிடத்துக்குத் தள்ளிவைத்ததே காரணம். அடுத்த முறை அதிலிருந்துதான் தொடங்கினேன்.

திண்டிவனம் தேர்வர்:
நேற்றிரவு இரண்டு வினாத்தொகுப்புகளையும் பரணிலிருந்து எடுத்து, ஐயா சொன்னபடி குறித்துப் பார்த்தேன். பொதுத் தமிழில் இம்முறை தவறிய 14 வினாக்களில் 9, 'பொருந்தாததைத் தேர்ந்தெடு' என்று கேட்டவை, பொருந்துவதைக் குறித்திருக்கிறேன். முந்தைய தொகுப்பிலும் அதே வகையில் 7.