பார்க்கர் அணையின் உள்பக்கத்தில் வீடு வாங்கினால் அடுத்த வெள்ளத்துக்கு இழப்பீடு கிடைக்குமா?

கேள்வி – கேட்டிவாசி

வணக்கம். ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி பகுதியில், பார்க்கர் நீர்த்தேக்கத்தை ஒட்டிய குடியிருப்பு ஒன்றில் வீட்டுக்கு விலை பேசியிருக்கிறோம். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயலின்போது வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததை விற்பவர் எழுத்திலேயே தெரிவித்துவிட்டார். அரசின் அணையால் வந்த வெள்ளம் என்று நிலவுடைமையாளர்கள் வழக்குத் தொடுத்து வென்றிருப்பதால், மறுபடி வெள்ளம் வந்தாலும் அரசு இழப்பீடு கொடுத்தே தீரும் என்கிறார் தரகர். அதை நம்பி முன்பணம் கொடுக்கலாமா?

பதில் – வில்லங்கம்

தரகர் தீர்ப்பைத் தலைகீழாகப் படித்திருக்கிறார். 1929, 1935 வெள்ளங்களுக்குப் பிறகு, பஃபலோ பேயூ ஆற்றங்கரையில் உள்ள நகரத்தைக் காக்க ராணுவப் பொறியாளர் படை 1940-களில் கட்டியவையே பார்க்கர், ஆடிக்ஸ் அணைகள். மழையில்லாத காலத்தில் அவை வறண்டே கிடக்கும். அணை நிரம்பினால் நீர் எவ்வளவு தூரம் பரவுமோ அவ்வளவு நிலத்தையும் அரசு அன்று வாங்கவில்லை. வாங்காமல் விட்ட விளிம்பில்தான் பிற்காலத்தில் மனை பிரித்து வீடுகள் கட்டினார்கள். (நம் ஊரில் ஏரி உள்வாயில் மனை போட்டு விற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.)

2019 டிசம்பரில் கூட்டாட்சி உரிமைக்கோரல் நீதிமன்ற நீதிபதி சார்லஸ் லெட்டோ, தனியார் நிலத்தில் வெள்ளநீரைத் தேக்கியது அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தத்தின்படி (ஈடு தராமல் அரசு தனியார் சொத்தை எடுக்கக்கூடாது என்பது அது) சொத்தை எடுத்துக்கொண்டதற்குச் சமம் என்று தீர்ப்பளித்தார். ஆனால் அரசு எடுத்துக்கொண்டதாக அவர் சொன்னது, அந்நிலத்தில் நீரைத் தேக்கும் நிரந்தர உரிமையை, அதாவது ஒரு ஈஸ்மென்டை. அதற்கான ஈடு 2017-இல் உடைமையாளராக இருந்தவருக்கே உரியது; அரசுக்கு எதிரான இத்தகைய வழக்குகளுக்கு ஆறு ஆண்டுக் காலவரம்பும் உண்டு. அந்த உரிமை கழிந்த நிலத்தைத்தான் நீங்கள் வாங்கப்போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

பதில் – மேட்டுநிலம்

முன்பணம் கொடுக்கும் முன் மனைப்பிரிவு வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். ஃபோர்ட் பென்ட் மாவட்டத்தில் பார்க்கரை அடுத்த பல மனைப்பிரிவுகளின் வரைபடத்தில், பொறியாளர் படையின் நிர்வாகத்தில் இவ்விடம் நெடுநாள் நீரில் மூழ்க நேரலாம் என்ற குறிப்பு இருக்கிறது. அது சிறிய எழுத்தில் இருப்பதால், வீடு வாங்கிய பலர் ஹார்விக்குப் பிறகே அதைப் பார்த்தார்கள்.

மூழ்கிய வீடுகளில் பெரும்பாலானவை நூறாண்டு வெள்ளப்பகுதிக்கு (எந்த ஆண்டிலும் வெள்ளம் வர நூற்றில் ஒரு வாய்ப்பு உள்ள பகுதி) வெளியே இருந்தன; ஆகவே வங்கி காப்பீட்டைக் கட்டாயப்படுத்தாது. ஆனாலும் எடுத்துவிடுங்கள். தேசிய வெள்ளக் காப்பீட்டில் கட்டடத்துக்கு 2,50,000 டாலர்தான் உச்சவரம்பு; பொதுவாக, எடுத்து 30 நாட்கள் கழித்தே நடைமுறைக்கு வரும்.

பதில் – மதகடி

மேலே சொன்னது அணைக்கு உள்பக்கத்து நிலத்துக்குப் பொருந்தும். மதகுக்குக் கீழே இருந்தவர்களின் கதை வேறு. 2017 ஆகஸ்ட் 28 அதிகாலையில் மதகுகளைத் திறந்ததால் வீடிழந்தவர்களின் வழக்கை, பழுதற்ற வெள்ளப் பாதுகாப்பு எவருக்கும் சொத்துரிமை ஆகாது என்று கூறி, 2020-இல் நீதிபதி லோரன் ஸ்மித் தள்ளுபடி செய்தார். 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்துசெய்து, வழக்கைத் திருப்பி அனுப்பியது.

எனவே 'வில்லங்கம்' எழுதியதை, இனி எந்த வெள்ளத்துக்கும் எவரும் எதுவும் கேட்க முடியாது என்று விரித்துக்கொள்ள வேண்டாம். மிசூரி மாநிலத்தின் கிளியர்வாட்டர் அணையிலிருந்து விடப்பட்ட நீரால் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் காட்டு மரங்கள் அழிந்த வழக்கில், தற்காலிக வெள்ளமாக இருந்தாலும் ஈடு கோரலாம் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் எட்டு நீதிபதிகளின் ஒருமித்த முடிவாகச் சொல்லியிருக்கிறது. நீர் முன்பைவிட உயர்ந்து, ஈஸ்மென்டின் எல்லையைக் கடந்தால் புதிய வாதத்துக்கு இடம் உண்டு. உங்கள் மனையில் அந்த எல்லை எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைச் சொத்து வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். தரகரிடம் கேட்கவேண்டிய கேள்வி அல்ல அது.