டிராவ் ஆற்றுப் பாதையில் கியர் ஹேங்கர் வளைந்துவிட்டது, உதவுங்கள்

நண்பர்களே, என் சைக்கிளின் பின் டெரெய்லர் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி) உள்பக்கமாகச் சாய்ந்துவிட்டது; அதைச் சட்டத்தோடு இணைக்கும் சிறு துண்டான ஹேங்கர்தான் வளைந்திருக்கிறது. பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் ஸ்போக்கில் உரசுகிறது. நடுக் கியர்களில் செயின் தானாகத் தாவுகிறது.

வெள்ளி மாலை, ஆஸ்திரியாவின் லியன்ஸ் ரயில் நிலையத்தில் சைக்கிள் வலப்பக்கமாக விழுந்தது. ட்ரெக்கிங் சைக்கிள், முன்னால் 3, பின்னால் 10 பல்சக்கரங்கள், அலுமினிய ஹேங்கர். நேற்று ஆற்றோரமாகவே ஷ்பிட்டால் வந்தேன். பெரும்பாலும் சமதளம், கார் தொல்லை இல்லை, அதனால் சமாளித்தேன்.

கேபிள் இறுக்கத்தைச் சரிசெய்தேன், சக்கரத்தைக் கழற்றி மாட்டினேன், செயினில் இறுகிய கண்ணி உண்டா என்றும் பார்த்தேன். பலனில்லை. கையால் நிமிர்த்தினால் உடைந்துவிடுமோ என்று பயம். இன்று ஞாயிறு, கடை இல்லை. ஹேங்கர் சட்டத்துக்குச் சட்டம் வேறுபடும் என்பதால் நாளை கிடைக்கும் என்ற நம்பிக்கையும் இல்லை.

செவ்வாய் இரவு இத்தாலியின் உதினேயில் ரயில் பிடிக்க வேண்டும். வில்லாக் வரை கவலையில்லை, அப்புறம் தார்விசியோவுக்குச் சுமார் 250 மீட்டர் ஏற்றம். அதைத் தாண்டினால் பழைய பொன்டெப்பானா ரயில் தடத்தில் சுரங்கங்களும் பாலங்களுமாகப் பெரும்பாலும் இறக்கம்தான். அதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

டெரெய்லர் உள்பக்கம் எவ்வளவு நகரலாம் என்று கட்டுப்படுத்தும் எல் ஸ்க்ரூவை இறுக்கி, பெரிய இரண்டு பல்சக்கரங்களுக்குச் செயின் ஏறாமல் தடுத்துவிட்டு உதினே வரை ஓட்டினால் தாங்குமா?