கலைச்சொல் விவாதம்: டிரெய்லரா, நகர்த்தியா, நகர்வியா?

மடல் 1

> ‘தடம்புரட்டி’ என்றே வைத்துக்கொள்ளலாமே. பிரெஞ்சு மூலச்சொல்லின் பொருளும் அதுதான்.

குழுவினருக்கு வணக்கம். சைக்கிள் கியரில் செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குக் கொண்டுபோகும் உறுப்பை ஆங்கிலத்தில் ‘டிரெய்லர்’ (derailleur) என்கிறார்கள். அதற்குத்தான் தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

தண்டவாளத்தை விட்டு ரயில் விலகுவதை வைத்துத்தான் பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் பெயரை இட்டார்கள். ஆனால் தமிழில் தடம் புரள்வது விபத்து. இந்த உறுப்பு ஒழுங்காக வேலை செய்தால் செயின் ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததில் போய் உட்காரும். தடம் புரண்டால் போக்ஸ் கம்பிக்குள் விழுந்து சக்கரத்தைக் கெடுக்கும். பழுதின் பெயரை உறுப்புக்குக் கொடுத்துவிட்டால், பழுதைப் பற்றி எழுத வேண்டிய இடத்தில் நமக்குச் சொல் இருக்காது.

ஒலிபெயர்ப்பும் சரிவராது. ‘டிரெய்லரைக் கழற்றவும்’ என்று எழுதினால் லாரியின் பின்னால் கோக்கும் இழுவண்டிதான் நினைவுக்கு வரும். கடையில் சொல்லும் ‘கியர் செட்’ லீவர், கம்பி, பல்சக்கரம் எல்லாவற்றையும் சேர்த்துக் குறிப்பது. ‘சங்கிலிமாற்றி’ கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பட்டறையில் ‘செயின் மாத்தணும்’ என்றால் தேய்ந்ததைக் கழற்றிப் புதியதைப் போடுவது. ‘சங்கிலித்தாவி’யும் வேண்டாம், தேய்ந்த பல்லில் செயின் தாவுவது தனிப் பழுது.

நான் முன்வைப்பது ‘சங்கிலி நகர்த்தி’. இந்த உறுப்பின் வரலாறு முழுவதற்கும் பொருந்துவது நகர்த்தும் வேலை ஒன்றுதான். 1940களில் இத்தாலியின் காம்பக்னோலோ நிறுவனம் செய்த காம்பியோ கோர்சாவில் செயினின் தொய்வை இழுக்கும் உருளையே கிடையாது. ஓட்டுபவர் பின்னால் கைவிட்டு ஒரு லீவரால் சக்கரத்தின் பிடியைத் தளர்த்தி, பெடலைப் பின்னோக்கி மிதித்தபடி மற்ற லீவரால் செயினைத் தள்ள வேண்டும். தொய்வுக்கு ஏற்பச் சக்கரமே முன்னும் பின்னும் நகர்ந்துகொள்ளும். 1951இல் விற்பனைக்கு வந்த அதே நிறுவனத்தின் கிரான் ஸ்போர்ட்டில் இணைகர அமைப்பும் தொய்வை இழுக்கும் உருளையும் வந்தன. 1967இல் அலுமினியத்தில் வந்த நுவோவோ ரெக்கார்டும் அதே வழிதான். ஆக ‘இழுப்பி’, ‘தொய்வுநீக்கி’ போன்ற சொற்கள் பாதி வரலாற்றுக்குத்தான் பொருந்தும்.

இணைகரம் பள்ளி வடிவியலிலேயே இருக்கிற சொல். அதற்குப் புதிதாக எதுவும் தேட வேண்டாம்.

மடல் 2

> நான் முன்வைப்பது ‘சங்கிலி நகர்த்தி’.

ஐயா, பொருள் சரி, வடிவம்தான் இடறுகிறது. செய்முறைக் குறிப்பில் போட்டுப் பாருங்கள்:

‘பின் நகர்த்தி திருகை இறுக்கவும்.’

எதையோ பின்னால் நகர்த்திவிட்டுத் திருகை இறுக்கச் சொல்வதாகத்தான் யாரும் படிப்பார்கள். ‘நகர்த்தி’ வினையெச்சமாகவும் வருவதால் வரும் சிக்கல் இது. ‘மாற்றி’, ‘தள்ளி’ என்று முடியும் சொற்களுக்கும் இதே கதிதான். மின்மாற்றி போன்ற சொல் பிழைத்துக்கொள்கிறது, ஏனென்றால் ‘மின்’னை யாரும் கையால் எடுத்து மாற்றுவதில்லை. சைக்கிள் குறிப்பில் வரிக்கு வரி நகர்த்துவதும் தள்ளுவதும்தான் வேலை.

‘நகர்வி’ என்று வைக்கலாம். பிறவினைப் பகுதியே பெயராக நிற்கும். அதன் எச்சம் ‘நகர்வித்து’ என்று வருவதால் குழப்பத்துக்கு இடமில்லை. ‘உலாவி’ பழகிப்போன காதுக்கு இதுவும் பழகும். பின் நகர்வி, முன் நகர்வி, நகர்வியின் கூடு (இரண்டு உருளைகளைத் தாங்கும் பகுதி) என்று தொடர்களும் தடையில்லாமல் வருகின்றன.

முன் நகர்விக்கும் இது பொருந்துமா என்று கேட்கக்கூடும். பின்னது செயினின் தொய்வான கீழ்ப்பகுதியை வழிநடத்துகிறது. முன்னது மிதிப்பின் இழுவை ஏறிய மேல்பகுதியைத் தகட்டால் பக்கவாட்டில் தள்ளுகிறது. செய்யும் விதம் வேறானாலும் நடப்பது நகர்த்தல்தான். அழுத்தி மிதிக்கும்போது முன் நகர்வி திணறுவதும் இதனால்தான். மிதிப்பை ஒரு கணம் தளர்த்தி லீவரை அசைக்க வேண்டும் என்ற குறிப்பு அந்தச் சொல்லுக்கான பதிவில் இருக்கட்டும்.

மடல் 3

‘நகர்வி’யை ஏற்கிறேன். இனி கிளைச்சொற்கள். ஒவ்வொன்றையும் உண்மையான வேலைக் குறிப்பில் வைத்துப் பார்ப்பதே நல்லது என்பதால், அசல் பாகங்களோடு ஒரு நுவோவோ ரெக்கார்டைச் சீரமைக்கும் பகுதியை எழுதிப் பார்த்தேன்.

> நகர்வி தொங்கும் இடத்துக்கு ‘கொளுவி’?

‘காது’ போதும். துளையோடு நீட்டிக்கொண்டிருக்கும் உலோகத் துண்டைப் பட்டறையில் காது என்றுதான் சொல்கிறோம். ‘காது வளைந்திருக்கிறது’ என்றால் விளக்கம் தேவையில்லை.

குறிப்பு இங்கிருந்து:

வேறு எதையும் தொடுமுன் சட்டத்தின் காது நேராக இருக்கிறதா என்று பார்க்கவும். பழைய சைக்கிள்கள் வலப்பக்கமாக விழும்போது அடி நேராக நகர்வியில் விழும், வளைவது காது. நகர்வியைக் கழற்றி, காதின் 10 மி.மீ. துளையில், காது நேராக இருக்கிறதா என்று பார்க்கும் அளவுகோலைத் திருகி, நான்கு திசைகளிலும் ரிம்முக்கு உள்ள இடைவெளியை ஒப்பிடவும். அதற்குமுன் ரிம்மில் கோட்டம் எடுத்திருக்க வேண்டும். வேறுபாடு 4 மி.மீ.க்குள் இருந்தால் போதும். எஃகுக் காதைச் சூடாக்காமலே நிமிர்த்தலாம், கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே திசையில். முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி வளைத்தால் விரிசல் விடும். வளைந்த காதோடு எல்லைத் திருகுகளை (நகர்வி இரு பக்கமும் எவ்வளவு தூரம் போகலாம் என்று நிறுத்துபவை) எவ்வளவு திருப்பினாலும் ஒரு பல்சக்கரம் சரியாகும்போது இன்னொன்று கெடும். பலர் நகர்வியைக் குறை சொல்லித் தூக்கி எறிவது இந்த இடத்தில்தான், அது எனக்கு மிகவும் வருத்தம் தருவது.

அடுத்தது பிரிப்பது. கூட்டின் ஸ்பிரிங் எந்த நிலையில் நின்றது என்று குறித்துக்கொண்ட பிறகே கூட்டின் போல்ட்டைத் தளர்த்தவும். உருளைகளையும் அவற்றின் புஷ்களையும் மண்ணெண்ணெயில் கழுவலாம். புஷ்ஷுக்கு மெல்லிய கிரீஸ், இணைகரத்தின் மூட்டுகளுக்கு ஒரு துளி எண்ணெய். மூட்டு ஊசிகளைத் தட்டி எடுக்க வேண்டாம். காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்றுவிடும், பக்கத்தில்கூட வைக்கக் கூடாது.

மெருகேற்றும் ஆசையும் ஆபத்துதான். 1970களின் நகர்விகளில் ‘பேட்டண்ட்’ என்ற எழுத்தை ஒட்டி ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். சட்டமும் பாகமும் ஒரே காலத்தவையா என்று அறிய உதவும் நேரடிச் சான்று அது. கம்பித் தூரிகையும் பஃபிங் சக்கரமும் அதை மழித்துவிடும். சோப்புத் தண்ணீர், பழைய பல்துலக்கி, மென்துணி, அதற்கு மேல் வேண்டாம்.

> எல்லைத் திருகு இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டுமா?

வேண்டும். ‘மேல்’, ‘கீழ்’ என்று வைத்தால் உயர் கியரா, திருகு இருக்கும் இடமா என்று குழம்பும். ‘வெளியெல்லைத் திருகு’, ‘உள்ளெல்லைத் திருகு’ என்று கொள்ளலாம். சட்டத்தை ஒட்டியது வெளி, போக்ஸ் கம்பியை ஒட்டியது உள். குறிப்பில்:

கியர் கம்பியைக் கோக்காமல் விட்டால் நகர்வி தன் ஸ்பிரிங்கால் மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு நேராக வந்து நிற்கும். மேலுருளை அந்தச் சக்கரத்துக்கு நேர்கீழே வரும்வரை வெளியெல்லைத் திருகைத் திருப்பவும். தளர்வாக விட்டால் செயின் சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே சிக்கும். பிறகு நகர்வியைக் கையால் உள்ளே தள்ளி, மிகப் பெரிய சக்கரத்துக்கு நேராக நிற்குமாறு உள்ளெல்லையை வைக்கவும். இதில் சந்தேகம் வந்தால் சற்று இறுக்கமாகவே விடவும். செயின் ஏற மறுப்பது ஒரு சிறு திருப்பில் தீரும், போக்ஸ் கம்பிக்குள் விழுந்தால் கம்பிகள் வெட்டுப்படும். இரண்டும் சரியான பிறகே 1.2 மி.மீ. கியர் கம்பியை இழுத்துக் கட்டவும்.

‘அசல் பாகம்’ என்ற சொல்லுக்கு வரையறை எழுதும்போது செயினை அதில் சேர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. செயின் தேய்ந்து தீரும் பொருள். புதிய செயினில் 24 இணைப்புகள் சரியாக 12 அங்குலம். 1/16 அங்குலம் கூடியிருந்தால் மாற்ற வேண்டும். 1/8 கூடிவிட்டால் அது ஃப்ரீவீலின் (பின்சக்கரத்துப் பல்சக்கரத் தொகுதி) பற்களையும் தின்றிருக்கும், அதன் பிறகு புதுச் செயின் போட்டாலும் தாவும். பழைய ஐந்து சக்கர ஃப்ரீவீலுக்கு இப்போது கிடைக்கும் 3/32 அங்குலச் செயின் பொருந்துகிறது. செயினும் அசலாக இருக்கட்டும் என்று தேய்ந்ததையே ஓட்டினால், கிடைக்க அரிதான அசல் ஃப்ரீவீல் போய்விடும். உருளையின் புஷ், கம்பி, பிரேக் கட்டை ஆகியவற்றையும் இதே பட்டியலில் ‘தேய்மானப் பாகம்’ என்று பிரித்துவிடலாம்.

மீதமிருப்பது லீவர். பல்சக்கரத்துக்கு ஒரு ‘டக்’ என்று நிற்காமல், உராய்வால் மட்டும் எங்கும் நிற்கும் பழைய வகைக்கு ‘உராய்வு லீவர்’ என்று எழுதியிருக்கிறேன். ஓடும்போது கியர் தானாகச் சிறிய சக்கரத்துக்கு இறங்கினால் நகர்வியில் பழுது தேட வேண்டாம். நகர்வியின் ஸ்பிரிங் கம்பி வழியாக லீவரை இழுக்கிறது, லீவரின் வளையத் திருகைக் கால் சுற்று இறுக்கினால் நிற்கும். ‘லீவர்’ கடையில் நன்றாகவே புழங்குவதால் அதற்கு ‘நெம்பி’ என்று புதிதாக வைக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள், அந்தச் சொல்லை இந்தக் கடைசிப் பத்தியில் போட்டுப் படித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.