ஸ்காபரோ பேஸ்மென்ட்டில இருந்து கறித்தூள், ஊறுகாய், தோசை மா விற்கலாமோ? ஊறுகாய் மூடியும் உப்புது, உதவி தேவை

புதுவரவு_ஸ்காபரோ:
நிரந்தர வதிவிட உரிமையோட கனடா வந்து நாலு மாதம். வாடகை பேஸ்மென்ட், ஒரு ஸ்டவ், சாதாரண வீட்டு சிங்க். விற்க நினைக்கிறது: யாழ்ப்பாணக் கறித்தூள், தேசிக்காய் ஊறுகாய், உள்ளி ஊறுகாய், முறுக்கு, பயத்தம் உருண்டை, தோசை மா, மட்டன் ரோல்ஸ். இதில எதுக்கு அனுமதி வேணும்? மற்றது, 2 கிலோ தேசிக்காய்க்கு 150 கிராம் உப்புப் போட்ட ஊறுகாயில ரெண்டு போத்தலின்ர மூடி பத்தாம் நாள் உப்பிட்டுது. வெயில் இல்லாதபடியால் காயவைக்கேல்ல. கறித்தூள் 250 கிராம் பக்கெட்டுக்கு என்ன விலை வைக்கலாம் எண்டும் தெரியேல்ல.

சமையல்கட்டு:
உங்கட பட்டியலை ரெண்டாப் பிரியுங்கோ. ஒன்ராறியோவில உணவு இடங்களுக்கான ஒழுங்குவிதி 493/17. 2020 ஜனவரி 1இல் இருந்து, ஆபத்துக் குறைந்த உணவை மட்டும் வீட்டில செய்து விற்கிற ஆக்களுக்கு அதில சில விலக்குகள் இருக்கு: தனிக் கைகழுவும் சிங்க் தேவையில்லை, வர்த்தகப் பாத்திரக் கழுவல் வசதி தேவையில்லை, உணவு கையாளுனர் சான்றிதழும் கட்டாயமில்லை. ஆனால் தொடங்க முதல், ஸ்காபரோ அடங்கிற ரொறொன்ரோ நகரின்ர பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு அறிவிக்கவேணும். பரிசோதகர் வந்து பார்ப்பார். விலக்கு எண்டால் கண்காணிப்பே இல்லை எண்டு நினைச்சுத்தான் கனபேர் மாட்டுப்படுகினம்.

ஆபத்துக் குறைந்தது எண்டதுக்கு அளவு இருக்கு: பிஎச் (புளிப்பின்ர அளவு, குறையக் குறையப் புளிப்புக் கூட) 4.6 அல்லது அதுக்குக் கீழ, இல்லாட்டி நீர்ச்செயற்பாடு (கிருமி வளர உதவுற ஈரத்தின்ர அளவு) 0.85 அல்லது அதுக்குக் கீழ. கறித்தூள், முறுக்கு, பயத்தம் உருண்டை ஈரம் இல்லாதபடியால் இதுக்குள்ள வரும். தேசிக்காய் ஊறுகாய் புளிப்பால வரும்.

மட்டன் ரோல்ஸ் வராது. இறைச்சியும் கிழங்கும் ஈரமான நிரப்பல், 4 பாகை செல்சியஸ் அல்லது அதுக்குக் கீழ குளிர்பதனம் வேணும். அதுக்கு ஒழுங்குவிதி முழுசாப் பொருந்தும். பரிசோதனை செய்யப்பட்ட வர்த்தகச் சமையலறையை மணித்தியால வாடகைக்கு எடுத்துச் செய்யிறதுதான் நடைமுறை. சில ஆலய, தேவாலய மண்டபங்களின்ர சமையலறையும் கிடைக்கும். உணவு கையாளுனர் சான்றிதழையும் எடுத்துவையுங்கோ, 5 வருசத்துக்குச் செல்லும்.

தோசை மாதான் எல்லைக்கோட்டில நிக்கிறது. நல்லாப் புளிச்ச மா 4.6க்குக் கீழ வரலாம். ஆனால் அரைச்ச உடனே அது கிட்டத்தட்ட நடுநிலை. குளிர்காலத்தில வீட்டுக்குள்ள புளிப்பு ஏறுறது பிந்தும், ஒவ்வொரு அரைப்புக்கும் அளவு மாறும். பைக்குள்ள போனபிறகும் வாயு வரும். முதல் பட்டியலில மாவைச் சேர்க்காதீங்கோ. பத்து அரைப்பின்ர பிஎச் அளவை நேரத்தோட எழுதிவைச்சுப் பரிசோதகரிட்டக் காட்டி, அவர் சொல்லுறதைக் கேளுங்கோ.

தேசிக்காய்_உப்பு:
உப்பின ரெண்டையும் ருசி பார்க்காமல் எறியுங்கோ, அதே பாட்சில மிச்சத்தையும் விற்கவேண்டாம். காரணம் அநேகமா ஈஸ்ட். உங்கட உப்பு 7 சதவீதம்தான். ஊரில அதே உப்போட தப்பினது வெயில் தண்ணியை இழுத்ததால. இங்க வெயிலின்ர வேலையை உப்புக்கும் டீஹைட்ரேட்டருக்கும் குடுக்கவேணும். 2 கிலோவுக்கு 300 கிராம் உப்பு, கழுவின காயை ஈரமே இல்லாமல் துடைச்சு வெட்டி, மூண்டு கிழமை ஊறவிட்டு நாளுக்கு ஒருக்காக் கிளறுங்கோ. பிறகு 55 முதல் 60 பாகையில 6 மணித்தியாலம் உலர்த்தித் தாளியுங்கோ. மேல நிக்கிற எண்ணெய் காற்றைத்தான் தடுக்கும், புளிப்பைக் கூட்டாது.

உள்ளி ஊறுகாயைப் பற்றித்தான் எனக்குப் பயம். தேசிக்காய் பழுதானால் மூடி உப்பிக் காட்டிக்குடுக்கும். உள்ளியின்ர பிஎச் 6க்குக் கிட்ட. காற்றில்லாமல் எண்ணெய்க்குள்ள இருந்தால் பொட்டுலிசம் கிருமி நஞ்சு உண்டாக்கலாம், மணமோ நிறமோ மாறாமலே. உள்ளியை 5 சதவீத வினாகிரியில ஊறவைச்சு, பிஎச் 4.0க்குக் கீழ வந்ததை உறுதிப்படுத்தாமல் போத்தலில போடவேண்டாம். கத்தரிக்காய் மொஜுவுக்கும் (பொரிச்ச கத்தரிக்காய் ஊறுகாய்) இதே கவனம்.

பிஎச் கடதாசி வாங்கிக் காசை வீணாக்காதீங்கோ, மஞ்சளும் மிளகாயும் நிறத்தைக் குழப்பும். மின் மீற்றர் எடுத்து, 4.01, 7.00 கரைசல் ரெண்டிலயும் சரிசெய்து பாவியுங்கோ. எண்ணெய் மீற்றர் முனையில படிஞ்சால் அளவு பிழைக்கும். ஆனபடியால் எண்ணெயை வடிச்சு, துண்டுகளை அரைச்சு அளவெடுங்கோ. அதுவும் வினாகிரி துண்டுக்குள்ள இறங்க ஒரு நாள் விட்டு.

கணக்குப்புத்தகம்:
உங்கட முழுச் சட்டப்பெயரில மட்டும் விற்றால் பெயர் பதிவு தேவையில்லை. "அம்மாவின் தூள்" மாதிரி ஏதாவது வைச்சால் ஒன்ராறியோவில வணிகப் பெயர் பதிவு: இணையத்தில 60 டொலர், 5 வருசம். தொடர்ச்சியான நாலு காலாண்டில விற்பனை 30,000 டொலரைத் தாண்டும் வரைக்கும் எச்எஸ்டிக்கு (விற்பனை வரி) பதிய வேண்டியதில்லை. பதியாமல் எச்எஸ்டி வாங்கக்கூடாது. வருமான வரிக்கு டி2125 எண்ட சுயதொழில் வருமானப் படிவம். வரிப் பத்திரம் குடுக்க ஜூன் 15 வரைக்கும் நேரம், ஆனால் கட்டவேண்டிய காசுக்கு ஏப்ரல் 30. இந்த ரெண்டு திகதியையும் குழப்பி வட்டி கட்டுறது வழமையான பிழை.

வாசிக்கிற மற்ற ஆக்களுக்கு: ஒரே முதலாளிக்கெண்டு கட்டிப்போட்ட வேலை அனுமதியில இருந்தால் இதைத் தொடங்கவேண்டாம், சுயதொழில் அந்த அனுமதிக்குள்ள வராது.

விலை: சாமானை மட்டும் கூட்டாதீங்கோ. 20 பக்கெட் வறுத்து, அரைச்சு, பொதிசெய்ய 5 மணித்தியாலம் எண்டு வையுங்கோ. ஒன்ராறியோவின்ர குறைந்தபட்ச ஊதியம் 2025 அக்டோபரில இருந்து 17.60 டொலர். ஆக 88 டொலர், பக்கெட்டுக்கு 4.40. சாமான், பை, லேபிள், கரண்ட் அதுக்கு மேல. கடைத்தூளின்ர விலைக்கு இறங்கினால் உங்கட உழைப்பைத்தான் சும்மா குடுக்கிறியள்.

புதுவரவு_ஸ்காபரோ:
நன்றி அண்ணை, அக்காமார். மாவும் ரோல்ஸும் இப்ப இல்லை. லேபிளில என்ன போடவேணும்? பேஸ்மென்ட்டில மிளகாய் வறுத்தால் மேல்வீட்டுக்காரர் இருமுவினமே?

சமையல்கட்டு:
வறுக்க முதல் வீட்டுக்காரரிட்ட எழுத்தில சம்மதம் வாங்குங்கோ. வாடகைக்காரர் காப்புறுதி அநேகமா வியாபாரத்துக்குப் பொருந்தாது, அதையும் கேட்டுச் சேருங்கோ. சட்டியில வறுக்காமல் ஓவனில 120 பாகை செல்சியசில தட்டில பரப்பி வறுத்தால் நெடி குறையும். கருவேப்பிலை கையில நொருங்கும் வரைக்கும் காயவேணும், தூளில பூஞ்சணம் வாறது அதாலதான். அரைச்ச தூள் முழுசா ஆறாமல் பையில அடைச்சால் உள்ளுக்க வேர்த்துக் கட்டிபடும்.

லேபிளில பெயர், நிகர எடை, எடை வரிசைப்படி சேர்மானம், உங்கட பெயரும் முகவரியும். 90 நாளோ அதுக்குக் குறைவோ நிக்கிற சாமானுக்குத் திகதி. ஆங்கிலத்தோட பிரெஞ்சும் போட்டுவிட்டால் பிறகு கடைக்குக் குடுக்கவும் சரிவரும். ஒவ்வாமைப் பொருள்களில கனடாவில கடுகும் எள்ளும் இருக்கு, அதனால ஊறுகாயில கடுகையும் நல்லெண்ணெயில எள்ளையும் கட்டாயம் காட்டவேணும். பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கோ, கூட்டுப் பெருங்காயத்தில கோதுமை மா கலந்திருக்கலாம். கோதுமை கலந்ததை முறுக்கில போட்டால் "கோதுமை" எண்டு எழுதவேணும், அரிசிமா முறுக்கெண்டாலும்.